பதினாறு விருந்தாளியும் ஒரு ரவுண்டு ஏலக்காயும்

போடியில் பாண்டீஸ்வரியின் தெருவில் அந்த ஃப்ளெக்ஸ் போர்டைப் பார்க்காதவர் யாராவது இருந்தால், அவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். மலைக்கு ஏற்றுவதற்கு முன் நான்கு நாள் அதை வாசல் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். காயட்டும் என்றாள். ஃப்ளெக்ஸ் எதற்குக் காய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கத்தானே வைத்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

‘குடும்பத்தோடு வாங்க! உங்க கையால ஏலக்காய் பறிங்க! மதியச் சாப்பாடு உண்டு!’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி எக்கி நின்று, கிளையில் மாங்காய் மாதிரி தொங்கும் ஏலக்காயைப் பறிக்கிறாள். ஏலக்காயோ செடியின் காலடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்ப்பது. போர்டு அடித்தவர் போடியிலேயே பிறந்தவர்தான். ஏலக்காயைப் பாயசத்தில்தான் பார்த்திருப்பார் போல.

அவள் கணவன் மலைச்சாமிக்குப் போர்டும் பிடிக்கவில்லை, யோசனையும் பிடிக்கவில்லை. போடிமெட்டுக்கு ஏறும் வழியில், சரிவில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். “ஊரான் வந்து வேடிக்க பாக்க அது என்ன பொருட்காட்சியா?” என்றான். ஒரு மாதம் குழம்பில் உப்பைக் கூட்டியும் குறைத்தும் பாண்டீஸ்வரி பேசிப் பார்த்ததில் கடைசியாக இறங்கி வந்தான்.

“இந்த ஒரு ஞாயித்துக்கெழம பாப்போம். வந்தவுகள்ல ஒருத்தர் மொகம் சுளிச்சாலும் போர்டக் கழட்டி மாட்டுத் தொட்டிக்கு மூடி போட்ருவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

மதுரையிலிருந்து வேனில் பதினாறு பேர் வருவதாக ஏற்பாடு. சுகன்யா என்றொரு பள்ளிக்கூட டீச்சர், பேங்க்கில் வேலை பார்க்கும் அவள் கணவன் பிரதீப், அவர்களுடைய அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பங்கள், பிள்ளைகள். சனிக்கிழமை முழுக்கப் பாண்டீஸ்வரி போடிக் கடைத்தெருவில் மளிகையும் காய்கறியுமாக அலைந்தாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜீப்பில் தோட்டத்துக்கு வந்து இறங்கியவள், முதல் செடியடியில் குனிந்து பார்த்தாள். காய் இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. பிஞ்சும் பூவும்தான் இருந்தன.

“ஏங்க, காயெல்லாம் எங்க?”

மலைச்சாமி மீசையைத் தடவினான். “நேத்தே ஆள் விட்டு ஒரு ரவுண்டு எடுத்தாச்சுல்ல. பதினாலு ஆளு. பழுத்தது ஒண்ணு மிச்சமில்ல. பாத பூரா கூட்டியும் வச்சிருக்கேன், பாரு.”

“அதப் பறிக்கத்தானய்யா அவுக வர்றாக!”

“கிறுக்கி! மருதையில இருந்து வர்ற விருந்தாளியக் குனிய வச்சு வேல வாங்கவா? நாலு பேரு கேட்டா காறித் துப்ப மாட்டான்? வரட்டும், உக்காரட்டும், காத்து வாங்கட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

மனசாரத்தான் சொன்னான். அவன் குடும்பமே அப்படி. விருந்தாளி சாப்பிட்ட இலையை விருந்தாளி தொட்டுவிட்டால் ஒரு வாரம் துக்கம் கொண்டாடுவார்கள். போர்டில் இருந்ததை அவன் படிக்காமல் இல்லை. தெருவில் போகிறவரை ‘வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க’ என்று கூப்பிடுவது மாதிரி அதுவும் ஒரு மரியாதைப் பேச்சு என்று நினைத்துவிட்டான்.

பாண்டீஸ்வரிக்கு மாட்டுத் தொட்டி கண்ணில் வந்து நின்றது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அமாவாசையின் குரல் கேட்டது. அமாவாசை மலைச்சாமிக்குப் பெரியப்பா மகன். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணம், வேலியில் நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரம். அந்தப் பழத்தை நாய்கூட மோந்து பார்க்காத காலத்தில் மரம் இருவருக்கும் பொதுவாகத்தான் நின்றது. ஜூஸ் கடைக்காரர்கள் கேட்டு வர ஆரம்பித்ததும் அது யார் பக்கம் முளைத்தது என்று இருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

“பேசி வச்ச ஆள ஜீப்போட தள்ளிட்டுப் போறவனெல்லாம் வெளங்குவானா?” என்று அமாவாசை வானத்தைப் பார்த்துக் கத்தினார். “இன்னும் ரெண்டு நாளு விட்டா என் காயி பூரா வெடிச்சுப் போகும்!”

மலைச்சாமியும் வானத்தைத்தான் பார்த்தான். நேற்று காயெடுத்த பதினாலு பேரும் அமாவாசை பேசி வைத்த ஆட்கள் என்று பாண்டீஸ்வரிக்கு விளங்கியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்குப் போனாள்.

“மாமா, பதினாறு ஆளு கொண்டாந்தா காயெடுக்க விடுவீகளா?”

“எந்த ஊரு ஆளு?”

“மருதை.”

“மருதையில ஏதுத்தா ஏலக்கா ஆளு? கூலி என்ன கேப்பாக?”

“கூலி வேணாம் மாமா. அவுகளே நமக்குக் குடுத்துட்டுத்தான் வர்றாக.”

அமாவாசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுக்குச் சாமி கீமி வந்திருக்கிறதா என்று ஒரு சந்தேகம். ஆனால் காய் வெடிக்கக் காத்திருக்கிறது. “வரட்டும். ஆனா ஒம் புருசன் இந்தப் பக்கம் காலு வைக்கக் கூடாது.”

ஒன்பதரைக்கு வேன் வந்தது. கூலிங் கிளாஸும் தொப்பியுமாக இறங்கியவர்களை வேலி தாண்டிக் கூட்டிப்போனாள். பதினாறு பேரும் ஒன்றுபோல அண்ணாந்து பார்த்தார்கள். போர்டு செய்த வேலை.

“காய் எங்க ஆன்ட்டி?” என்றாள் ஒரு சிறுமி.

“கீழ பாரு கண்ணு. தொட்டதும் கையோட வந்தா அது பழுத்தது. வர மாட்டேன்னு அடம் பிடிச்சா விட்ரு, அது பிஞ்சு.”

பிள்ளைகள் செடிக்கடியில் முயல் மாதிரி நுழைந்துவிட்டன. பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். மேட்டில் நின்ற அமாவாசை, “இவுகளா ஆளு?” என்று வாயைப் பிளந்தார். ஆனால் முப்பது வருஷமாக ஆட்களை வேலை வாங்கிய பழக்கம் வாயைச் சும்மா விடுமா?

“யோவ் கண்ணாடி! போட்டோ அப்புறம் புடி. கை போகட்டும், கை! வெரசா!”

கண்ணாடிக்காரன் முகம் சுளிக்கிறானா என்று பாண்டீஸ்வரி பார்த்தாள். பிரதீப் போனைச் சட்டென்று பையில் போட்டான். “சரிங்கண்ணே!” என்றான், பல்லெல்லாம் தெரிய.

“பிஞ்சப் புடுங்குனது யாரு?” என்று அடுத்த அதட்டல். டீச்சர் சுகன்யா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு பாண்டீஸ்வரியின் காதில், “இவரையும் நீங்கதான் ஏற்பாடு பண்ணீங்களா? என்னமா நடிக்கிறாரு!” என்றாள்.

“ஆமா மேடம்,” என்றாள் பாண்டீஸ்வரி, கண் இமைக்காமல்.

வேலிக்கு இந்தப் பக்கம் மலைச்சாமிதான் தவித்தான். அவர்கள் குனியக் குனிய இவன் முதுகு வலித்தது. கைக்கு ஒரு பிளாஸ்டிக் சேருடன் வேலியோரம் அங்குமிங்கும் நடந்தான். ஓர் அம்மாள் நிமிர்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்ததும் அவனால் தாங்க முடியவில்லை. தாண்டிவிட்டான்.

அமாவாசை எதிரே வந்து நின்றார். “காலு வைக்கக் கூடாதுன்னேன்ல?”

“விருந்தாளிக்கு சேரு கொண்டாந்தேண்ணே.”

அமாவாசை சேரைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். அவரும் அதே குடும்பம்தானே. “பதினாறு பேருக்கு ரெண்டு சேரா? அறிவிருக்காடா? எங்க ஷெட்டுல ஆறு கெடக்கு. ஓடு, தூக்கிட்டு வா.”

மதியச் சாப்பாட்டுக்கு அமாவாசையும் உட்கார்ந்தார். பாயசத்துக்குப் பதிலாக வேலி மரத்துப் பட்டர் ஃப்ரூட்டைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுத்தார்கள். பிரதீப்பின் முதுகில் தட்டி, “கை நல்லா ஓடுது மாப்ளே. பேங்கு சோலிய விட்டுட்டு வந்துரு,” என்றார் அமாவாசை. அடுத்த ரவுண்டு எப்போது என்று கேட்டாள் சுகன்யா. நாற்பது நாள் ஆகும் என்றதும், பள்ளிக்கூடத்து டீச்சர்களையெல்லாம் குடும்பத்தோடு கூட்டிவருவதாகச் சொன்னாள்.

அன்றைக்கு முகம் சுளித்தது ஒரே ஓர் ஆள். பிரதீப் தன் தட்டைத் தானே கழுவ எழுந்தபோது, மலைச்சாமி.

போர்டு இப்போது பட்டர் ஃப்ரூட் மரத்தில் தொங்குகிறது. மரம் யாருடையது என்ற சண்டை ஓய்ந்துவிட்டது. போர்டில் யார் பேரை முதலில் போடுவது என்று அண்ணனும் தம்பியும் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். மாட்டுத் தொட்டி மூடியில்லாமல்தான் கிடக்கிறது.