நூற்றுக்கு நூற்று இருபத்தேழு

1

இந்தக் கதை ஒரு தப்பான கூட்டலில் பிறந்தது. எழுபத்திரண்டும் ஐம்பத்தைந்தும் நூறாக வேண்டும்; ஆகவில்லை. ஒழுங்கான எழுத்தாளன் கணக்கைத் திருத்தியிருப்பான். நான் அதற்கேற்ற ஆட்களைத் தேடினேன்.

2

முதல் தொடக்கம்: ‘சேலத்தில் மதுவிலக்கு வந்த மறுவருடம், புதுச்சத்திரத்துப் பனைகளில் காற்று–’

(வேண்டாம். காற்றை வீசவிட்டால் கதைக்கு வந்து சேரமாட்டேன்.)

செங்கோட்டையன் பனையேறி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்க அவனுக்கு உரிமம் உண்டு. கள் இறக்கினால் சிறை. சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி கலயத்தோடு பிடித்தார்.

“எங்களைப் பாத்தப்புறந்தான் சுண்ணாம்பைக் கொட்டினான்.”

“இல்லீங்க, கலயங் கட்டறப்பவே தடவுனதுங்க.”

கலயம் சேலத்துச் சோதனைக்கூடத்துக்குப் போனது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் சுண்ணாம்பில் செத்திருந்தால் பதநீர், உயிரோடிருந்தால் கள்.

3

எண்ணியவர் சாரதாமணி. (1938-இல் அந்த வேலையில் ஒரு பெண்ணா? எனக்கும் சந்தேகந்தான். ஆனால் பொறுமையாக எண்ண வேறு யாரும் கிடைக்கவில்லை.)

முதலில் மெத்திலீன் நீலம் ஒரு துளி. உயிருள்ள ஈஸ்ட் நீலத்தை வெளுத்துவிடும். செத்தது நீலமாகவே கிடக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணினார். நூற்றுக்கு எழுபத்திரண்டு செத்தவை. நம்பாமல், அதே கலயத்திலிருந்து எடுத்த இன்னொரு துளியில் நியூட்ரல் ரெட் விட்டார். அதில் உயிருள்ளதுதான் சிவக்கும். நூற்றுக்கு ஐம்பத்தைந்து சிவந்தன.

வாசலில் செங்கோட்டையன் மனைவி பாவாயி நின்றிருந்தாள்.

“ஏனுங்க, எந்தச் சாயம் எங்கூட்டுக்காரர உடுமுங்க?”

“நீலமுங்க.”

“அப்ப அதையே எழுதிருங்க சாமி.”

பிறகு வந்த தங்கசாமி, சிவப்பை மட்டும் எழுதச் சொன்னார்.*

சாரதாமணி இரண்டையும் எழுதினார்.

* இருவரும் கேட்டது ஒரே உதவி. பாவாயி கேட்டபோது மட்டும் நமக்கு நெஞ்சு இளகுகிறது.

4

மாஜிஸ்திரேட் கூட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நூத்துக்கு நூத்தி இருபத்தேழு வருதே. மிச்சம் இருபத்தேழு என்னது?”

“சாகக் கெடக்கறதுங்க. நீலத்தை வெளுக்கத் தெம்பில்லீங்க. சிவப்பை மட்டும் இன்னும் உடாமப் புடிச்சிருக்குதுங்க.”

“அதை எந்தப் பக்கம் சேக்கறது?”

“அது தெரிஞ்சிருந்தா ஒத்தை எண்ணுதான் எழுதியிருப்பனுங்க.”

5

விடுதலை என்று ஒரு முடிவு எழுதினேன், இனித்தது. ஆறு மாதம் என்று இன்னொன்று, புளித்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். யோசிக்கலாம், ஆனால் ரொம்ப நேரம் வேண்டாம். கூண்டில் நிற்கும் செங்கோட்டையன் மாஜிஸ்திரேட்டை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.