ஏழு பேரும் ஒரு பட்டனும்

"நான் நாலாவது ஆளாம்மா?"

திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் முத்துக்கருப்பன் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்ட முதல் கேள்வி இது. ஆப் வேலை செய்கிறதா, விவசாயிகளுக்குப் புரிகிறதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவ்வளவு அற்ப விஷயங்களுக்கு அவருக்கு நேரமில்லை.

எங்கள் கம்பெனி அல்லிநகரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கம்பெனி என்றால் முதலாளி ஈஸ்வரபாண்டி, நான், ஓர் ஏசி. இதில் ஏசி பெரும்பாலும் விடுப்பில் இருக்கும். என் பெயர் பெனிட்டா, ஊர் இராயப்பன்பட்டி. கோயம்புத்தூரில் நான்கு வருடம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆப் செய்து கொடுத்துவிட்டு, சொந்த மாவட்டத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று திரும்பி வந்தவள். அந்த நல்லெண்ணத்துக்கு என்ன மருந்து என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கம் கம்பத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டியிருந்தது. ஒரு தடவைக்கு நாற்பது பேருடைய பழத்துக்குத்தான் இடம். உறுப்பினர்களோ இருநூறுக்கு மேல். முந்திப் பதிகிறவருக்கு இடம் என்று முடிவானது. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் டிஜிட்டல் ஆகாது என்பதால், ஆப்பில் மட்டும்தான் பதிவு என்றும் முடிவானது.

அந்த ஆப்புக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரே ஒரு பட்டன். 'இடம் பதிவு செய்க' என்று எழுதிய பச்சைப் பட்டன். அதைச் செய்து அனுப்பினேன். பதிலுக்குச் சங்கத்திலிருந்து ஏழு பேருடைய படங்கள் வந்தன. ஏழு பேரும் வெள்ளைச் சட்டையில் கைகூப்பியிருந்தார்கள். "ஃப்ளெக்ஸ்ல இருக்கிற மாதிரியே போட்டுருங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. அதாவது தலைவர் நடுவில், பெரிதாக. இரண்டு பக்கமும் மும்மூன்று பேர், சிறிதாக. பட்டன் எங்கே என்று குறிப்பில் இல்லை. மிச்ச இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நானே புரிந்துகொண்டேன்.

தலைவரின் போன் மடக்குகிற வகை. விரித்தால் பரீட்சை அட்டை அளவுக்கு வரும். அதில் ஏழு பேரும் கல்யாண வரவேற்பு மாதிரி வரிசையாக நின்றார்கள். பட்டனும் அடியில் ஓர் ஓரமாக மரியாதையோடு நின்றது. ஈஸ்வரபாண்டி பார்த்துவிட்டு, "பிரமாதம். குடுத்துருங்க" என்றார்.

ஆனால் சின்னப் போனில் ஏழு பேர் வரிசையாக நிற்க முடியாது. அகலம் போதாத திரையில் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்க நடுவில் தலைவர் நிற்பதில்லை. ஏழு பேரையும் அப்படி அடுக்கினால் நடு ஆள் நாலாவது ஆளாகிவிடுவார். இதைத் தலைவர் தன் மருமகன் போனில் பார்த்துவிட்டார்.

"பொருளாளர் ஒசக்க இருக்காரு. அவருக்குக் கீழ நான் இருக்கேன். பாக்குறவன் என்னம்மா நெனப்பான்?" என்றார்.

"சார், சின்ன ஸ்க்ரீன்ல அடுக்கும்போது அப்படித்தான் வரும்."

"அந்த ஸ்க்ரீனுக்கு யாரு தலைவருன்னு தெரியாதா?"

ஈஸ்வரபாண்டி எட்டி என் கையிலிருந்த ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பெனிட்டா, மொதல்ல அவர மேல ஏத்துங்க. மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். பத்து நிமிடத்தில் ஏற்றினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை.

தலைவர் முதலில் என்றால் இரண்டாவது யார்? செயலாளரா, பொருளாளரா? ஃப்ளெக்ஸில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம், இரண்டு பேருமே தலைவருக்குப் பக்கத்தில். போன் திரைக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. செயற்குழு கூடியது. உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஈஸ்வரபாண்டி வந்து சொன்னார். அன்றைக்கு முடிவு வரவில்லை. அடுத்த வாரமும் கூடினார்கள், இந்தத் தடவை போண்டா. கடைசியில் செயலாளர் இரண்டாவது என்றும், பொருளாளர் மூன்றாவது என்றும், ஆனால் பொருளாளர் படம் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றும் தீர்மானம் போட்டு, ஏழு பேரும் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பினார்கள். நான் செய்த ஆப்புகளில் முத்திரை குத்திய வடிவமைப்பு இது ஒன்றுதான்.

இதற்கிடையில் எங்களுக்கு உருப்படியான புகார் ஒன்றே ஒன்று வந்திருந்தது. சுருளிப்பட்டி முருகம்மாள் என்பவர் சங்கத்துக்கு மூன்று தடவை போன் செய்து, ஆப்பில் பதிகிற இடத்தையே காணோம் என்று சொல்லியிருந்தார். அதைச் சங்கம் 'சில்லறைப் புகார்' என்று எழுதி எங்களுக்கு அனுப்பியிருந்தது. ஈஸ்வரபாண்டி அதன்மேல் டீ டம்ளரை வைத்திருந்தார். நான் ஒரு விடுமுறை நாளில் கம்பம் போய், அங்கிருந்து சுருளிப்பட்டிக்கு மினி பஸ் ஏறினேன்.

முருகம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எண்பது சென்டில் பன்னீர்த் திராட்சை போட்டிருந்தார். பந்தலுக்குக் கீழே நுழைந்தால் தலையில் இடிக்கிற மாதிரி குலை குலையாகத் தொங்கியது. பழம் கறுத்து, வெட்டுக்குத் தயாராக இருந்தது.

"வியாபாரி பத்து நாள் பொறுங்கன்னு சொல்லிட்டாக ஆத்தா. எல்லாத் தோட்டத்துலயும் ஒண்ணா வெட்டு விழுந்துருச்சாம். வெள்ளிக்கெழமையில இருந்து மழைன்னு செய்தியில சொல்றாக. பழுத்த பழத்துல மழை விழுந்தா வெடிச்சிரும். அந்தக் குளுரு ரூமுல பத்து நாளு எடங் கெடைச்சாப் போதும், இந்த வெட்டத் தப்பிக்க வச்சிருவேன். இத விட்டா வேற வழி இல்ல" என்றார்.

பதிவு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. நான் போனது ஞாயிற்றுக்கிழமை.

அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பழைய போன். ஓரத்தில் கண்ணாடி விரிசல். பார்வை மங்கலானதால் எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருந்தார். ஆப்பைத் திறந்தேன். திரை முழுக்கத் தலைவர். தள்ளினேன். திரை முழுக்கத் தலைவருடைய பட்டங்கள். தள்ளினேன். செயலாளர். இப்படியே ஏழு பேரையும் தாண்டி அடியில் போனால் பட்டனில் 'இட' என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. மிச்சப் பட்டன் திரை விளிம்பைத் தாண்டிக் கேரளாவுக்கே போய்விட்டிருந்தது. அழுத்தினால் அழுந்தவில்லை.

முருகம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, விரலால் ஒவ்வொரு படமாகக் காட்டினார்.

"இவுக தலைவரு. இவுக செயலாளரு, எங்க கொழுந்தனுக்குப் பழக்கம். இந்தா, இவுக கோம்பைக்காரவுக. எல்லாரும் இருக்காக. எழுதுற எடந்தான் எங்கன இருக்குன்னு தெரியல."

இந்த ஏழு பேரையும் வழியை விட்டு நகர்த்தாமல் விடுவதில்லை என்று மினி பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை தலைவரைப் பார்க்கப் போனேன். பட்டன் தெரியவில்லை என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே பட்டனைப் பற்றிப் பேசவே இல்லை. முருகம்மாள் போனில் அவர் எப்படித் தெரிந்தார் என்று எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினேன்.

"சார், சுருளிப்பட்டியில ஒரு போன்ல நீங்க இப்படித்தான் இருக்கீங்க."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மீசையில் வலது பாதி இல்லை. கூப்பிய கைகள் திரைக்குக் கீழே போய்விட்டதால், மனிதர் யாரையோ மிரட்டுவதுபோல இருந்தார். 'விவசாயிகளின்' என்ற சொல் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எத்தனை பேரு போன்ல இந்த லட்சணம்?"

"பாதிக்கு மேல சார்."

அவர் முகத்தில் ஏற்பட்ட வேதனையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். மழையில் வெடித்த பழத்தைப் பார்த்தால்கூட அவர் அப்படி வருந்தியிருக்கமாட்டார்.

"இதுக்கு என்னம்மா செய்யலாம்?"

"சின்னப் போன்ல படத்தையே எடுத்துரலாம் சார். உங்களுக்குத் தகுந்த அகலம் இருக்கிற போன்ல மட்டும் நீங்க வந்தாப் போதும்."

தலைவர் யோசித்தார். "செயலாளரும் போயிருவாருல்ல?"

"எல்லாரும் போயிருவாக சார்."

"அப்பச் சரி" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். புதன்கிழமை மதியத்துக்குள் முடித்துவிட்டேன். பெரிய திரையில் ஏழு பேரும் பழையபடி. சின்னத் திரையில் ஒருவரும் இல்லை. வெள்ளைத் திரை, நட்டநடுவில் பச்சைப் பட்டன், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்புக்குள் அடங்குகிற பட்டன். டயர் கடைக்காரர், டீக்கடைக்காரர், மாடிப்படியில் ஏறி வந்த கூரியர்க்காரர் என்று பதினோரு போன்களை மேசையில் அடுக்கிச் சோதித்தேன். பதினொன்றிலும் பட்டன் கோயில் மணி மாதிரி கைக்கு எட்டியது. ஈஸ்வரபாண்டிகூட, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை. சாயங்காலத்துக்குள் புதிய வடிவம் எல்லோர் போனுக்கும் போய்விட்டது.

முருகம்மாளுக்கு ஒரு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. தோட்டத்தில் இருப்பார் என்று விட்டுவிட்டேன். நல்ல திரைக்கு விளக்கம் தேவையில்லை என்று நான் கோயம்புத்தூரில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். வெள்ளைத் திரையில் ஒரு பட்டன் இருந்தால் யார்தான் அழுத்தமாட்டார்கள்?

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பதிவு திறந்தது. எட்டு பத்தொன்பதுக்கு நாற்பது இடமும் நிரம்பியது. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். தலைவருக்கு இடம் கிடைத்திருந்தது. செயலாளருக்கும் கிடைத்திருந்தது. முருகம்மாள் பெயர் இல்லை. கீழிருந்து மேலேயும் பார்த்தேன். இல்லை.

பிறகு யார் யார் எந்தப் போனில் வந்தார்கள் என்ற கணக்கைத் திறந்தேன். சின்னத் திரையில் அறுபத்தொரு பேர் ஆப்பைத் திறந்திருந்தார்கள். பட்டனை அழுத்தியவர்கள் ஆறு பேர். பட்டன் வேலை செய்யவில்லையோ என்று என் போனில் அழுத்திப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. 'இடம் நிரம்பிவிட்டது' என்று அழகாகச் சொன்னது.

முருகம்மாள் இந்தத் தடவை போனை எடுத்தார்.

"பெரியம்மா, பட்டன் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு ஆத்தா. பளிச்சுன்னு பச்சையா தெரிஞ்சுச்சு. ஏழரை மணியில இருந்து கையில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் அழுத்தல?"

"அது நம்ம ஆப்பு இல்லைல்ல. தலைவரக் காணோம், ஒருத்தரையுங் காணோம். வெறும் பட்டனு. போன மாசம் இப்படித்தான் எங்க கொழுந்தனுக்கு என்னமோ வந்து, அழுத்துன ஒடனே பேங்குல இருந்ததெல்லாம் போச்சு. ஆளு தெரியாததத் தொடாதீகன்னு போலீசுக்காரவுக வந்து மைக்குல சொல்லிட்டுப் போனாக. நம்ம ஆப்பு எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஏழு பேரும் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று இரண்டு வாரம் சிரித்தவள், முருகம்மாள் அவர்களை ஒவ்வொருவராக விரலால் காட்டி இன்னார் என்று சொன்னபோது ஏன் சொல்கிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தலைவருக்குத் தன் முகம் மட்டும் தெரிந்தது. எனக்கு என் பட்டன் மட்டும் தெரிந்தது.

கிடங்கில் ஓர் இடமாவது கூடுதலாகக் கேட்கலாம் என்று தலைவருக்குப் போன் போட்டேன். "டிஜிட்டல்னு வந்த பெறகு சிபாரிசு பண்ணக் கூடாதும்மா" என்றார். மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொள்கை பேசினார், அதையும் அன்றைக்குத்தான் பேசவேண்டியிருந்தது.

செய்தியில் சொன்னபடி வெள்ளிக்கிழமை மழை வந்தது. சனிக்கிழமையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போனேன். முருகம்மாள் பந்தலுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, வெட்டிய குலைகளில் வெடித்த பழத்தைக் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். வாளி நிறைந்துகொண்டே வந்தது. சாக்கில் வைத்த நல்ல பழம் ஒரு கூடைக்குக்கூடத் தேறாது. ஈக்கள் மொய்த்தன. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குலையை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டேன். படங்களை எடுக்கச் சொன்னது நான்தான், தலைவர் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த குலையைக் கிள்ளி முடித்து, அதில் நல்லது ஒன்றும் மிஞ்சாததால் அப்படியே வாளியில் போட்டார்.

"அவுக மூஞ்சி வேணாம்னா விடு. ஓம் மூஞ்சிய வச்சிருக்கலாம்ல ஆத்தா. பஸ்ஸேறி எந் தோட்டத்துக்கு வந்தது நீ ஒருத்திதான. ஒன்னையப் பாத்திருந்தா அழுத்தியிருப்பேன்" என்றார்.