எதிர்வீட்டுக்குப் போன தமிழ்

1991 டிசம்பர் பதிமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, மாகடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், குழாய் வேலை பார்க்கும் அசோகனின் தமிழ் அவனை விட்டுவிட்டு எதிர்வீட்டு லட்சுமம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை, மூட்டை முடிச்சோடு போய்விட்டது. அந்த மாதம் நகரத்தில் இப்படி ஆனது அவனுக்கு மட்டுமல்ல. பேட்டரிக் கடை நோயலின் தமிழ் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பால்காரர் ஸ்ரீகண்டனின் தமிழ் அவருடைய எருமைக்குப் போனது. வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை, எருமையும் ஒரு லிட்டர் கூடுதலாகக் கறந்தது. அசோகனுடையது ஒரு பெண்பிள்ளையிடம் போனதுதான் தொல்லை. ஏனென்றால் அவனுக்குத் தனலக்ஷ்மி என்று ஒரு பெண்டாட்டி இருந்தாள்.

காரணம் காவிரி. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று டில்லியில் அச்சடித்த தாள் வெளியே வந்ததும் பெங்களூரில் லாரிகள் எரிந்தன. மேலே இருந்தவர்கள் பேசித் தீர்க்க வேண்டியதைக் கீழே இருந்தவர்கள் கழியோடு தீர்க்கக் கிளம்பினார்கள். உலகத்தில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று அந்தச் சந்தில் தினமும் பேப்பர் படிக்கும் சேஷகிரி சொன்னார், சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். அசோகன் மட்டும் வெளியே இருந்தான். முந்தின நாள் பாதியில் விட்ட ஒரு குழாயை முடிக்கப் போனவன், வேலைப் பையோடு ஓடிவந்து தன் வீட்டு வாசலை எட்டுவதற்குள் கூட்டம் பிடித்துக்கொண்டது. முன்னால் நின்றவன் வீட்டுக்குக் காவிரிக் குழாய் போட்டுக் கொடுத்ததே அசோகன்தான். அவனுக்கு அசோகன் முகம் ஞாபகமில்லை. நீ தமிழனா என்று கேட்டான். அசோகனுக்கு அப்போது தெரிந்த கன்னடம் குழாய், வாஷர், நாளைக்கு வருகிறேன், அவ்வளவுதான்.

லட்சுமம்மா அந்த நேரத்தில் இறங்கி வந்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம். கழுத்து வெறுங்கழுத்து. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போய் அசோகனின் கையைப் பிடித்து, "நம்ம யஜமான்ரு" என்றாள். தமிழில் அது முதலாளி மாதிரிதான் காதில் விழும். கன்னடத்தில் அது என் வீட்டுக்காரர். கூட்டம் அசோகனைப் பார்த்து, அப்படியா என்றது. "ஹௌது" என்றான் அசோகன், அதாவது ஆமாம். ஒரே வார்த்தை. கூட்டம் அடுத்த சந்துக்குப் போனது. எதிரே, சாத்திய ஜன்னலின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருந்த தனலக்ஷ்மி இரண்டையும் கேட்டாள். புருஷன் பிழைத்தான் என்று அவள் நெஞ்சு குளிர்ந்தது நிஜம். ஆனால் பிடித்த கையை அந்தப் பொம்பளை எவ்வளவு நேரம் கழித்து விட்டாள் என்பதையும் அவள் பார்த்துத்தான் வைத்தாள்.

சாயங்காலம் அசோகன் வாயைத் திறந்தால் கன்னடம் கொட்டியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பேசுகிற சுத்தமான கன்னடம். தமிழ் காதில் ஏறியது, வாயில் வரவில்லை. அந்த நேரம் பார்த்து லட்சுமம்மா ஒரு கிண்ணத்தில் சாறும் களி உருண்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். தனலக்ஷ்மியைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து, "இன்னா தங்கவயலு, பயந்துட்டியா?" என்று வந்தது. கிண்ணம் தனலக்ஷ்மி கையிலிருந்து விழுந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி மகளாகப் பிறந்தவள் அவள். கல்யாணமான மறுநாள் அசோகன் அவளுக்கு வைத்த பேர் தங்கவயலு. இரண்டு பேரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது. லட்சுமம்மாவோ தன் வாயில் வந்தது தனக்கே புரியாமல், "ஏனம்மா ஹேளிதெ நானு?" என்று கேட்டாள். நான் என்னம்மா சொன்னேன் என்று அர்த்தம். உப்பு கேட்டீங்க என்றாள் தனலக்ஷ்மி. லட்சுமம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

பொறாமை என்றால் இப்படி அப்படி இல்லை, வயிற்றெரிச்சல். தன் சின்னம்மா வீடு அந்த வாரம் எரிந்ததற்குக்கூட தனலக்ஷ்மி அவ்வளவு அழவில்லை. அந்தத் தமிழ் அசோகனுக்குள் முப்பத்துநாலு வருஷம் இருந்த தமிழ், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும். ராகி மாவு கேட்க வரும் லட்சுமம்மா, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ, முதுகு வலி எப்படிக் கீது என்பாள். போதாததற்கு அசோகனைப் போலவே பேச்சுக்கு நடுவில் ஒரு சின்ன இருமல். டாக்டர் வெங்கடசுப்ரமணியன் அசோகனின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறு இல்லை, தமிழ் வேறு இடத்தில் நலமாக இருக்கிறது, இங்கே மருந்து கொடுத்துப் பயனில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் தனலக்ஷ்மி பிடிவாதம் பிடித்து நீலசந்திராவுக்குக் குடி மாற்றினாள். சுற்றிலும் தமிழ் ஜனம், பயமில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். உண்மையில் அவள் தப்பித்தது லட்சுமம்மாவிடமிருந்து. அங்கே போய் அசோகனை உட்காரவைத்து, "ஒரே ஒரு வாட்டி கூப்பிடு" என்று கெஞ்சினாள். அவனும் பாவம், கண்ணை மூடி, நரம்பு புடைக்க முயன்றான். வந்தது, "சின்னத கணி." தங்கச் சுரங்கம் என்பதற்குக் கன்னடம். தப்பில்லை. ஆனால் அது சர்க்கார் போர்டில் எழுதுகிற பேர், பெண்டாட்டியைக் கூப்பிடுகிற பேர் இல்லை.

பதினோராவது நாள், ஒரு தூக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், இரண்டு பஸ் மாறி அவள் மாகடி ரோட்டுக்குப் போனாள். லட்சுமம்மா கதவைத் திறந்து, "வந்துட்டியா தங்கவயலு, இன்னா இவ்ளோ நாளு?" என்றாள். தனலக்ஷ்மிக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்து காபி குடித்தாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் முளைத்தன, அசோகனுக்கு வேலை குவிந்தது, தனலக்ஷ்மி வீட்டில் கன்னடமும் சனிக்கிழமை தமிழுமாகக் குடும்பம் நடத்தினாள். ஒவ்வொரு முறையும் லட்சுமம்மா, நான் என்ன சொன்னேன் என்று கேட்பாள். உப்பு, புளி, மழை வரும்போல் இருக்கு என்று தனலக்ஷ்மி எதையாவது சொல்லிவைப்பாள். தனக்குரிய ஒரு சொல்லைக்கூட அர்த்தத்தோடு அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

2002இல் காவிரி மறுபடி பேப்பரில் வந்தது, கடைகள் மறுபடி ஷட்டரை இறக்கின. பஸ் குறைந்த ஒரு சனிக்கிழமை, பாதி தூரம் நடந்தே போய்ச் சேர்ந்த தனலக்ஷ்மி, பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். அசோகனிடம் கேட்டிருக்கலாம். கன்னடத்தில் வரும் பதிலை அவளால் நம்ப முடியாது, அதுதான் காரணம். "அன்னிக்கு அவனுங்க கேட்டப்ப, ஏன் ஆமான்னு சொன்ன?"

லட்சுமம்மாவுக்கு இருமல் வந்தது. "ஜன்னலு சந்துல உன் பொடவ தெரிஞ்சுது தங்கவயலு. பச்சப் பொடவ. இல்லன்னு சொல்லிருந்தா என் வூடு எதுன்னு கேட்டிருப்பானுங்க."

தனலக்ஷ்மி சுவரில் சாய்ந்து அழுதாள். லட்சுமம்மா பதறிப்போய், நான் என்னம்மா சொன்னேன் என்றாள். அன்றைக்கு மட்டும் தனலக்ஷ்மி பொய் சொல்லவில்லை, வார்த்தைக்கு வார்த்தை கன்னடத்தில் சொன்னாள். கேட்டுவிட்டு லட்சுமம்மா தன் சொந்த மொழியில் ஒன்று சொன்னாள். உன் புருஷனைக் காப்பாற்றத்தான் சொன்னேன், ஆனால் ஆறு வருஷம் கழித்து யஜமான்ரு என்று சொன்னபோது வாய் இனித்தது, கையை விட மனசு வரவில்லை, அது என் தப்பு. தனலக்ஷ்மிக்கு அழுகை நின்று வயிறு பழையபடி எரிந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனாள்.

2004 ஆகஸ்டில் அசோகன் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் குழாய் திருகிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டான். நீலசந்திரா வீட்டில் தங்கவயல் சனம் நிறைந்திருந்தது. மத்தியானம் லட்சுமம்மா வந்து வாசலில் நின்றாள். தனலக்ஷ்மி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். ஆளோடு அந்தத் தமிழும் போயிருக்குமோ என்று பயந்தாள்.

"இன்னா தங்கவயலு," என்றாள் லட்சுமம்மா, இருமிக்கொண்டே. "காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னலியா?"

தனலக்ஷ்மியின் பெரியம்மா, இந்தக் கன்னடக்காரம்மா யாரு என்று கேட்டாள். தனலக்ஷ்மி எழுந்துபோய் லட்சுமம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"நம்ம யஜமான்ரு" என்றாள்.

பெரியம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். யாரோ இன்னொரு டம்ளர் டீ கொண்டுவந்தார்கள். லட்சுமம்மா அதன்பிறகு மாகடி ரோட்டுக்குத் திரும்பவில்லை, ரேஷன் கார்டையும் நீலசந்திராவுக்கு மாற்றிக்கொண்டாள். தெருவில் எல்லாரிடமும் அவள் கன்னடத்தில்தான் பேச வேண்டும், காய்காரனிடம்கூட ஒரு தமிழ் வார்த்தை விடக்கூடாது என்பது தனலக்ஷ்மியின் கண்டிப்பு.