தொப்பியின் அடியில் நின்ற தண்ணீர்

முகாஷ் இருந்தவரை அந்த மோட்டார் சைக்கிள் கணவாயில் ஒருநாளும் நின்றதில்லை. மேலே மேய்ச்சல் மலைகளில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவது அவர் மனைவி கனிஷாயின் வேலை. மடியில் ஊசிப் பெட்டியோடு அவள் வண்டியின் பக்கவாட்டில் பூட்டிய தொட்டியில் உட்கார்ந்திருப்பாள், அவர் ஓட்டுவார். பதினெட்டுக் கோடைகள் அப்படியே போயின. கிளம்புமுன் கொட்டகையில் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, வெகு நேரம் பெட்ரோல் ஊற்றுவார். முடித்ததும் திரும்பி ஒரு பச்சைக் குப்பியைத் தூக்கிக் காட்டுவார். “இந்த மருந்து ஒரு மூடி போதும். குதிரை கணக்கா ஏறும்.”

அந்தக் குப்பியை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள்.

ஜனவரியில் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் துணிமணிகளை உறவுக்காரர்களுக்குப் பங்கிட்டபோது, நல்ல கல்பாக் தொப்பி அவர் தம்பி எசென்பாய்க்குப் போயிற்று. கொட்டகை ஆணியில் தொங்கிய பழைய வெள்ளைக் கம்பளித் தொப்பியை அவள் யாருக்கும் தரவில்லை. பெட்ரோல் நாற்றம் போக மூன்று முறை சோப்புப் போட்டு அலசி, அவர் படத்துக்கு மேலே மாட்டிவைத்தாள்.

வசந்தத்தில் வண்டி ஓட்டப் பழகினாள். சமதரையில் ஒழுங்காகத்தான் போயிற்று. ஜூனில் கணவாய் ஏறியபோது மூன்றாவது வளைவில் இருமி இருமி நின்றது. பனிக்கட்டி உருகி ஒரு பெட்டித் தடுப்பூசி வீணாயிற்று. குப்பி காலியானதால்தான் என்று நினைத்தாள். சந்தையில் புதுக்குப்பி வாங்கி, ஒரு மூடிக்கு மூன்று மூடியாக ஊற்றினாள். சனிக்கிழமை அதே வளைவில் மறுபடி நின்றது. திங்கட்கிழமை மேலே போகாவிட்டால் அந்த மலை வேலையை ஜீப் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கால்நடை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலை எசென்பாய் வந்தான்.

“பேசாம வண்டிய எனக்குக் குடுத்துடு அண்ணி. உருளைக்கிழங்கு ஏத்திக்கிறேன். எனக்குச் சமதரையில ஓடினாப் போதும்.”

“ஏன் சின்னப்பிள்ளை, உன் கழுதைக்கு என்ன கேடு?”

புருஷன் வீட்டாரைப் பெயர் சொல்லக் கூடாதென்று கல்யாணமான புதிதில் அவள் வைத்த பெயர் அது. இப்போது சின்னப்பிள்ளைக்கு ஐம்பது வயது. வயிறு பெல்ட்டுக்கு மேல் சரிந்திருந்தது.

“கழுதை மருந்து கேக்காது. புல்லு போதும்.”

“மூணு மூடி ஊத்தியும் நிக்குதே.”

“முப்பது ஊத்து. கலர் தண்ணி அது. அண்ணன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.”

“அப்ப பதினெட்டு வருசம் எப்படி ஏறுச்சு?”

அவன் குனிந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் சாய்த்தான். பெட்ரோலுக்கு அடியில் வெந்தயம் வெந்தயமாக நீர்முத்துகள் உருண்டன.

“பாத்தியா, தண்ணி. பீப்பாயில அளந்து விக்கிறவன்கிட்ட வாங்கினா இப்படித்தான். மேட்டுல சாயுறப்ப இறங்கி அடைக்குது. இவ்வளவு தண்ணிய எந்த மருந்தும் குடிக்காது.”

“அவரும் அதே பீப்பாயிலதான வாங்கினார்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கொட்டகையில் பெட்ரோல் ஊற்றும் அவர் முதுகு நினைவுக்கு வந்தது. ஊற்ற அத்தனை நேரம் ஏன்? அவர் இடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்குமே. அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்த் தொப்பியைப் புரட்டினாள். மூன்று சோப்புக்கும் போகாத பழுப்பு வளையம் உள்ளே இருந்தது. உச்சி புனல் போல நீண்டு தொங்கியது.

அவள் அதோடு வெளியே வந்ததும் எசென்பாய் பதறினான். “அண்ணி, கல்பாக் அது. தலையில வைக்கிறது. தரையில வச்சாலே பாவம்னு சொல்லுவாங்க, அதுல போயி…”

“இதுல வடிகட்டத்தான் எனக்கு முதுகைக் காட்டியிருக்கார். தெரிஞ்சா சும்மா விட்டிருப்பேனா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

கம்பளியை முதலில் பெட்ரோலில் நனைத்தாள். டாங்க்கியைக் காலி செய்து, எல்லாவற்றையும் தொப்பி வழியே மறுபடி அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பெட்ரோல் கசிந்து இறங்கியது. தொப்பிக்குள் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர், கம்பளியைத் தாண்ட வழியில்லாமல் கண் மாதிரி உருண்டு நின்றது.

எசென்பாய் குனிந்து வெகுநேரம் பார்த்தான். “அமுக்கன்யா எங்க அண்ணன். எல்லாரையும் மருந்துன்னு நம்ப வச்சுட்டான்.”

ஒருவேளை அவரே நம்பியிருக்கலாம். இனி யாரைக் கேட்பது? கனிஷாய் குப்பியைத் திறந்து ஒரு மூடி ஊற்றினாள்.

“கலர் தண்ணின்னு சொன்னேன்ல?”

“இருக்கட்டும். அவர் ஊத்தினார். நீ ஏறு. மூணாவது வளைவுல நின்னா வண்டி உனக்கு.”

ஈரத் தொப்பியை அவன் கையில் திணித்தாள். அவன் தலையில் ஏற்கெனவே அண்ணனின் நல்ல தொப்பி இருந்தது. காலடியில் போடவும் மனம் வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, கைப்பிள்ளைக்காரி போலத் தொட்டியில் உட்கார்ந்தான்.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது. எஞ்சின் தணிந்தது, முனகியது, பிறகு அதே குரலில் மேலே இழுத்தது. மலைச்சரிவில் கூடாரங்களின் புகை தெரிந்தது.

“சின்னப்பிள்ளை,” என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தொப்பியக் காத்துல நல்லாப் பிடி. காயட்டும். நாளைக்கு வேணும்.”