எரியாத சிவப்பு விளக்கு

முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவர் வேலையில் தப்புச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் லேசில் ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை. அக்கா வீட்டுக்குப் போய் இருக்கப்போகிறேன் என்று மனைவி சொன்ன அன்று இந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். போகாதே என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அதை விட்டுவிட்டு, "பழைய வண்டி, ஸ்டேஷன் வரைக்கும் நல்லபடியா போகணும்ல" என்று அந்த வாரம் முழுக்கக் காருக்கு எல்.இ.டி. பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். முன்னால், பின்னால், நம்பர் பிளேட், கடைசியில் டாஷ்போர்டு. ஒன்றைக்கூட விடவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. ஒரு மாசத்துக்குத்தான் என்றாள். ஆனால் இரண்டு பெட்டி. கம்பளிச் சால்வைகூட உள்ளே போனதை அவர் பார்த்தார். இந்த வெயிலில், ஒரு மாசத்துக்கு, எதற்குச் சால்வை? கேட்காமல் இரண்டு பெட்டியையும் டிக்கியில் ஏற்றினார்.

பாதி வழியில், சிக்னலில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். எதிரே இருந்த ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்காரர் வந்து, வண்டியை ஓரம் தள்ளி, மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி காலி சார். சார்ஜே ஏறல. இந்த பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டுக்கும் எல்.இ.டி. போட்டீங்களா?"

"ஆமா. அது எரியவே இல்ல. எரியலன்னா ஒரு குறையும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"சாவியப் போட்டதும் ஒரு தடவ எரியணும் சார். அது வழியா போற கரண்ட்லதான் இந்தப் பழைய வண்டியில சார்ஜ் ஏறவே ஆரம்பிக்கும். நீங்க தலைகீழா வேற மாட்டியிருக்கீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மனைவியும்தான் ஆறு மாசமாக ஒரு குறையும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஈரத் துண்டுக்கு, ஓயாத டி.வி.க்கு, பேசாத வாய்க்கு என்று நாளைக்கு நாலு தடவை எரிந்து விழுவாள். அது நின்றதும், அப்பாடா, வீடு நிம்மதியாயிற்று என்று நினைத்த முட்டாள் இவர்.

மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள். "வேணும்னே பண்ணீங்களா?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஆமா."

"எதுக்கு?"

"நீ போகக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய்" என்றாள் அவள். "இந்த வண்டியக் கெடுக்க உங்களுக்கு மனசு வராது." ஓரடி கிட்டே வந்தாள். "ரெண்டாவதா சொன்னது நெஜமா?"

அவர் தலையை ஆட்டினார். அது போதாது என்று பட்டது. "நெஜம்தான்மா" என்றார், வாய் திறந்து.

"பழைய மாதிரி பல்பப் போட்டு, வேற பேட்டரி வெச்சுக் கிளப்ப பத்து நிமிஷம் ஆகும்மா. ரயிலப் பிடிச்சிடலாம்" என்றார் கடைக்காரர்.

"மெதுவாவே பாருங்க" என்றாள் அவள். "அவசரம் ஒண்ணுமில்ல."