ஆவுடையப்பனின் சாப்பாட்டு நோட்டு

டயட்டீஷியன் மரகதவல்லி நோட்டை மூன்றாவது தடவையாகப் புரட்டினாள். காலையில் ஆறு இட்லி, மத்தியானம் ஆட்டுக்கறி, இரண்டு முட்டை, ராத்திரி நெய் தோசை. தினமும் தின்பதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொன்னதே அவள்தான். இவ்வளவையும் தின்ற விசைத்தறிக்காரர் ஆவுடையப்பன், எதிரே ஈர்க்குச்சி மாதிரி உட்கார்ந்திருந்தார். எடை நாற்பத்திரண்டு கிலோ. போன வாரத்தைவிட அரைக் கிலோ குறைவு. தைராய்டு, சர்க்கரை எல்லாம் பரிசோதித்தாயிற்று, ஒரு கோளாறும் இல்லை. மரகதவல்லிக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, புதன்கிழமை கறி எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“கறியா? தறிப் பக்கத்துல நின்னுக்கிட்டே நாலு டீயும் ரெண்டு வடையும்லா தின்னேன்!”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கோமதிக்குச் சுருக்கென்றது. “அதை எழுத முடியுமா மேடம்? படிக்கிறவுக, நான் புருசனைப் பட்டினி போடுதேன்னுல்லா நெனைப்பாவ!”

மரகதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். “இப்படி எழுதினா எடை எப்படிம்மா கூடும்?”

கோமதி நோட்டை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

“பத்தலைன்னா சொல்லுங்க மேடம். அடுத்த வாரம் பாலும் பழமும் சேத்து எழுதிட்டு வாரேன்.”