இரவல் கண்கள்

கம்ப்யூட்டர் திரையில் மணப்பெண்ணின் கழுத்தில் இருந்த பருவை எடுத்துவிட்டு டச்சப்பக்கா அடுத்த படத்துக்குப் போனாள். இதில் மாப்பிள்ளையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. நிமிர்த்தினாள். பெரியம்மாவோ சித்தியோ, யாரோ ஒருத்தியின் கன்னத்தில் திட்டாக நின்ற பவுடரைக் கலைத்தாள். ஓரத்தில் தெரிந்த ஒயரையும் தண்ணீர் பாட்டிலையும் இல்லாமல் ஆக்கினாள். ஊரார் முகத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. தாகமே இல்லாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள்.

கல்யாணப் படங்களை டச்சப் செய்து அழகாக்குவது அவள் வேலை, ஃபோட்டோக் கடையில் எல்லோருக்கும் அவள் டச்சப்பக்காதான். அவளைவிட ஒரு தலைமுறை மூத்த முதலாளியும் அப்படியேதான் கூப்பிடுவார். போன மாதம் அவர் புது மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டார். பொத்தானை அமுக்கினால் அதுவே பருவை எடுக்கும், அதுவே நிறத்தைக் கூட்டும். அடுத்த வாரமே, அவளோடு பின்னறையில் வேலை பார்த்தவனை நிறுத்திவிட்டார். "உங்களைப் பத்தி இந்த ஆல்பம் முடியட்டும், பார்ப்போம்" என்று இவளிடம் சொன்னார். பார்ப்போம் என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த மனுஷிக்குத் தூக்கம் வரும்?

மேஜைமேல் ஃபோன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். கிடங்கில் மூட்டை சரிந்து கால் உடைந்ததிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். இப்போது அவருக்கு ஃபோன்தான் கால்.

"முதலாளிகிட்ட வேலையைப் பத்திக் கேட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"எப்பத்தான் கேப்ப? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"ஆல்பம் முடியட்டும். அதுல ஒரு சிக்கல் இருக்கு."

சிக்கல், பெண்ணின் அப்பா. மனிதர் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண் மூடிய படம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்பது கடைச் சட்டம். வழக்கமாக அது பெரிய வேலையில்லை. முன்னே பின்னே எடுத்த படத்தில் அதே ஆள் கண் திறந்திருப்பார், அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டலாம். இவரோ ஒன்றிலும் திறக்கவில்லை. ஃப்ளாஷுக்குக் கூசுகிற மனுஷன் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள்.

முதலில் புது மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தாள். அது அவருக்குப் பொம்மைக் கண் வைத்தது. டச்சப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பும் வந்தது. உன்னால் முடியாததை நான் முடிக்கிறேன் பார் என்று திரையைப் பார்த்தே சொன்னாள்.

கண்ணை இரவல் வாங்குவதென்றால் ரத்த உறவில்தான் வாங்க வேண்டும். பெண்ணின் அண்ணனுக்கு அப்பாவின் அதே புருவ எலும்பு, அதே இமை மடிப்பு. அவன் கண்களை எடுத்து அப்பாவின் முகத்தில் வைத்தாள். வாலிபக் கண் வயதான முகத்தில் துருத்திக்கொண்டு நின்றது. வெள்ளை விழியில் லேசாக மஞ்சள் ஏற்றினாள், இமையைச் சற்றுத் தொங்கவிட்டாள், கீழே சுருக்கம் போட்டாள். விளக்கு இடப்பக்கம் நின்றதால் கருவிழியின் இடப்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தாள். ஒவ்வொரு படத்திலும் முகம் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தது, பார்வையையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டியிருந்தது. மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. மேடையில் மகளை அப்பா பார்க்கும் படத்தை முடித்தபோது அவளே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எட்ட இருந்து பார்த்தாள்.

முதலாளி அச்சடித்த படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "மனுஷன் உயிரோட பார்க்கிறாரே. நாளைக்கு அவங்க வந்து வாங்கிட்டுப் போகட்டும் டச்சப்பக்கா. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"கேக்காமலே பேசலாம்னு சொல்லிட்டாருங்க" என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் வாசல் மணி அடித்ததும் பின்னறைத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். கல்யாணப் பெண் முன்னால் வந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் அப்பா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியின் விளிம்பைக் கையால் துழாவிக் கண்டுபிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

டச்சப்பக்காவுக்கு ஓடிப்போய் ஆல்பத்தைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இதுல நானும் அவரும் மட்டும். இதுல அத்தை வாயெல்லாம் பல்லா நிக்கிறாங்க. இதுல நீங்க என் பக்கத்துல..." சட்டென்று நிறுத்தினாள்.

"என்னம்மா?"

பெண் படத்தின் அருகே குனிந்தாள். முதலாளி முந்திக்கொண்டார். "ஐயா எல்லாப் படத்துலயும் கண்ணை மூடியிருந்தாரும்மா. கஷ்டப்பட்டுத் திறந்து குடுத்திருக்கோம்." சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்தவரை நன்றாகப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யாரோட கண்ணு தம்பி?" என்றார் பெரியவர்.

முதலாளிக்குத் தெரியாது. பின்னறை வாசலிலிருந்து டச்சப்பக்கா சொன்னாள்: "உங்க மகனோடதுங்கய்யா."

"அவனுக்கு நல்ல கண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க." பக்கத்தின்மேல் விரலை வைத்துத் தடவினார். வழவழவென்று இருந்ததைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "எனக்குப் பொருந்துதா?"

"அப்பா, போதும்" என்று பெண் ஆல்பத்தை மூடினாள். கண்ணில் நீர் நின்றது. "இது எங்கப்பா இல்லைங்க, யாரோ. அவர் என்னை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. பழையபடி மாத்திக் குடுங்க."

"நீ செஞ்ச வேலைதானே இது?" முதலாளி அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ என்றார்.

டச்சப்பக்கா அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தவரைப் பார்த்தாள். அவர் முதலாளியின் மச்சினன். மூலையில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இவருக்குப் பார்வை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"கண்ணாடியில லைட் அடிச்சது, கழட்டச் சொன்னேன்" என்றார் அவர், தலை நிமிராமல். "என்கிட்ட யாரு கேட்டா?"

"அந்தம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க, தெரியாம நடந்தது" என்றார் பெரியவர்.

"நான் பார்த்துக்கிறேங்கய்யா" என்றார் முதலாளி.

பார்த்துக்கொண்டார். அன்று பொழுது சாய்வதற்குள் டச்சப்பக்கா எல்லாப் படத்திலும் அந்தக் கண்களை மூடினாள். திறக்க ஆன நேரத்தில் கால் பங்குகூட மூடுவதற்கு ஆகவில்லை. கடைசிப் படத்தைச் சேமித்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மச்சினன் எப்போதும்போலக் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

அதன் பிறகு ஏறி இறங்கின கடைகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான், எங்ககிட்டயும் மென்பொருள் வந்திருச்சு. அப்படி அலைந்த ஒரு நாளில் பழைய கடை வழியாக வந்தாள். தன் நாற்காலி மெத்தை ஞாபகம் வந்தது. முதுகுவலிக்காகத் தானே தைத்தது, அதையாவது எடுத்துப்போகலாம் என்று வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றாள்.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். புருவத்திலிருந்து கன்ன மேடு வரைக்கும் மட்டும் தெரிகிற ஒரு முகம். இன்னார் என்று பெற்ற மகளாலும் சொல்ல முடியாது. இடப்பக்கம் மூடிய கண்கள், வலப்பக்கம் அதே கண்கள் திறந்து. வெள்ளை விழியில் லேசான மஞ்சள், கருவிழியின் இடப்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம். கீழே, 'எங்கள் புதிய மென்பொருளின் கைவண்ணம்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் சிரித்த முகத்தோடு வெளியே வந்து ஒரு நோட்டீஸை நீட்டினாள். "உள்ள வாங்க மேடம். பழைய படம் இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, இதே மாதிரி பண்ணிக் குடுப்போம். எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடும், ஒரு ஆள் கை படாது."

டச்சப்பக்கா இன்னும் வீக்கம் வடியாத கையை நீட்டி நோட்டீஸை வாங்கிக்கொண்டாள்.